திரையில் படிவம் வரையும் கருவி: மதிப்பிடும் முறை

கணிப்பொறித் திரையில் ஒரு பொத்தானை அமைக்கவும் முன்பு பக்கம் பக்கமாக நிரல் எழுத வேண்டியிருந்தது. 1991-ல் வெளிவந்த விஷுவல் பேசிக் இத்தொல்லையைக் குறைத்தது. ஆலன் கூப்பர் வகுத்த படிவம் வரையும் முறையை மைக்ரோசாப்ட் நிறுவனம் பேசிக் மொழியுடன் இணைத்தது. பொத்தானைப் படிவத்தில் வரைந்து, அதனை அழுத்தும்போது நிகழவேண்டியதை மட்டும் எழுதினால் போதும். ஹைதராபாத்தில் அமீர்பேட்டைப் பயிற்சி நிலையங்களில் இதனைப் பயின்றோர் பலர்.

ஆயினும் வரையும் விரைவை மட்டும் கொண்டு கருவியை எடைபோடுதல் தகாது. முதற் பதிப்பில் ஆக்கிய நிரல், துணைக்கோப்பு ஒன்று உடன் இல்லையேல் பிற பொறிகளில் இயங்காது. வரிகள் பொறிமொழியாக மாற்றப்படாமல் இடைக்குறிகளாகவே நின்றமையால் நீண்ட கணக்குகள் தாமதித்தன. இக்குறை 1997-ல் ஐந்தாம் பதிப்பில்தான் நீங்கியது.

மாணவர் வருகைப் பதிவேடு போன்ற சிறு பணியொன்றை எடுத்துக்கொண்டு, படிவம் வரைய ஆகும் நேரத்தையும், பின்னர் அதில் ஒரு கட்டத்தைக் கூட்டித் திருத்த ஆகும் நேரத்தையும் தனித்தனியே குறித்தல் நன்று. இரண்டாவதே பெரும்பாலும் உண்மையை உரைக்கும். கணக்கிடும் வரிகளை எல்லாம் பொத்தானுக்குள்ளேயே திணித்தவர் அப்போது திணறுவர். இது கருவியின் குற்றம் அன்று, ஆனால் கருவி அதற்கு இடங்கொடுக்கின்றது.

ஆறாம் பதிப்பு 1998-ல் வந்தது. அவ்வாண்டிலேயே அந்நிறுவனம் ஹைதராபாத்தில் மென்பொருள் ஆக்க மையத்தைத் தொடங்கியது. அப்பதிப்பின் ஆக்கச் சூழலுக்குரிய ஆதரவு 2008-ல் நின்றது. அதில் எழுதப்பெற்ற நிரல்களோ விண்டோஸில் இன்றும் இயங்குகின்றன.