பொருள் புதிது – 17: உடைத்த பொடியும் வளர்த்த பொடியும்

உலர் நகலெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த கார்ல்சனின் மின்னூட்டத் தகட்டைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தகட்டில் ஒட்டிய பொடியைப் பற்றி வேண்டுமென்றே எதுவும் சொல்லாமல் விட்டேன். அதற்கென்று ஒரு வாரம் தனியாக வேண்டும். நகலெடுக்கும் இயந்திரத்தின் கதையைச் சொல்பவர்கள் ஒளியையும் லென்ஸையும் உருளையையும் விரித்துச் சொல்லிவிட்டு, பொடியை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். ஆனால் எல்லாம் முடிந்தபின் காகிதத்தில் மிஞ்சுவது அந்தப் பொடி மட்டும்தான். உங்கள் பத்திர நகலிலும், பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ் நகலிலும் கறுப்பாக இருப்பது மையல்ல, உருகி உறைந்த பிளாஸ்டிக்.

1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும், ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஓட்டோ கோர்னையும் முதல் நகலை எடுத்தபோது தூவியது லைக்கோபோடியம். பெரணிக்குத் தூரத்து உறவான ஒரு சிறு செடியின் வித்துத்தூள் அது. மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அந்தக் காலத்து மருந்துக் கடைகளில் அதைத்தான் தூவினார்கள். நல்ல டோனருக்கு, அதாவது நகல் பொடிக்கு, வேண்டிய குணங்களில் ஒன்றுதான் அதனிடம் இருந்தது. லேசாக இருந்ததால் மின்னூட்டம் இழுத்த பக்கம் போயிற்று. மற்றபடி அது கறுப்பில்லை, வெளிர் மஞ்சள். சூட்டில் உருகவும் உருகாது. அதனால்தான் கார்ல்சன் மெழுகுத்தாளைத் தேட வேண்டியிருந்தது. சூடாக்கியபோது உருகியது தாளின் மெழுகு. பொடி அதில் போய்ப் பதிந்தது, அவ்வளவுதான். சாதாரணக் காகிதத்தில் நகல் வேண்டுமென்றால் உருகும் குணம் தாளிலிருந்து பொடிக்கு இடம் மாற வேண்டும்.

இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் கைவிரித்த பிறகு, 1944-இல் ஓஹியோ மாநிலம் கொலம்பஸ் நகரில் இருந்த பேட்டெல் ஆய்வு நிறுவனம் கார்ல்சனோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கேதான் பொடிக்கு உண்மையான தொடக்கம். உருகும் ரெசினில் கறுப்பு நிறமியைக் கலந்து அரைப்பது என்பது எவருக்கும் தோன்றக்கூடிய யோசனை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. பொடியைச் சும்மா தூவினால் எழுத்து இருக்க வேண்டிய இடத்திலும் ஒட்டியது, வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்திலும் ஒட்டியது. நகல் முழுவதும் சாம்பல் பூத்தது.

லூயிஸ் வாக்கப், எட்வர்ட் வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே கண்ட தீர்வை எவ்வளவு பாராட்டினாலும் தகும். பொடியைத் தனியாக அனுப்பாமல், அதைவிடப் பல மடங்கு பெரிய மணிகளோடு கலந்து அனுப்பினார்கள். மணிக்குக் கேரியர் என்று பெயர். இரண்டும் உரசும்போது பொடி ஒரு வகை மின்னூட்டத்தையும் மணி எதிர் வகையையும் பெறுகின்றன. எனவே பொடி மணியை விட்டு அகலாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கலவையைத் தகட்டின் மேல் சரியவிட்டால், எழுத்து விழுந்த இடத்தில் மட்டும் தகட்டின் இழுப்பு மணியின் இழுப்பை வெல்லும். அங்கே பொடி கைமாறும். வெள்ளை இடத்தில் மணியே வெல்லும். தவறி விழுந்த பொடியையும் அது கூட்டி எடுத்துக்கொண்டு போய்விடும். இருவருக்கும் 1952-இல் அடுத்தடுத்த எண்களில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது: 2,618,551, 2,618,552. இன்றும் பெரிய அலுவலக இயந்திரங்களுக்குள் ஓடுவது இந்த இரட்டைக் கலவையின் வழித்தோன்றல்தான். அன்று மணலும் கண்ணாடி மணியும் சுமந்தன. இன்று நுண்ணிய காந்த மணிகள் சுமக்கின்றன.

1959-இல் ஜெராக்ஸ் 914 வந்தபோது பொடி ஸ்டைரீனும் பியூட்டைல் மெத்தாக்ரிலேட்டும் சேர்ந்த பிளாஸ்டிக்காக மாறியிருந்தது. அதைக் காகிதத்தில் உருக்க வெப்ப அடுப்பு ஒன்று இயந்திரத்துக்குள் இருந்தது. நியூயார்க் ஓட்டலில் நடந்த அறிமுக விழாவில் வைத்திருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்று தீப்பிடித்துக்கொண்டது. பிறகு இயந்திரத்தோடு ஒரு தீயணைப்பானும் சேர்த்துத் தரப்பட்டது. காகிதம் கருகாமல் பொடி மட்டும் உருக வேண்டும் என்ற அந்தப் பழைய கவலை இன்றுவரை டோனர் வேதியியலை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு வருவோம்.

டோனரைச் செய்யும் முறை அடுத்த முப்பது ஆண்டுகளில் பெரிதாக மாறவில்லை. ரெசின், கார்பன் பிளாக் என்னும் கரித்தூள், கொஞ்சம் மெழுகு, மின்னூட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொருள் ஒன்று. இவற்றை எக்ஸ்ட்ரூடர் இயந்திரத்தில் உருக்கிப் பிசைவார்கள். ஆறவைத்துத் தட்டையாக்கி நொறுக்குவார்கள். நொறுக்கிய துண்டுகளை அதிவேகக் காற்றுப்பாய்ச்சலில் விட்டு ஒன்றோடொன்று மோதவைத்துப் பொடியாக்குவார்கள். பெரியதையும் மிகச் சிறியதையும் காற்றாலேயே பிரித்தெடுப்பார்கள். கடைசியில் சில பத்து நானோமீட்டர் அளவே உள்ள சிலிக்காத் துகள்களை அதன் மேல் பூசுவார்கள். சிலிக்கா இல்லாவிட்டால் பொடி கட்டிதட்டிப் போகும். ஆனால் சாதாரண சிலிக்கா காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து மின்னூட்டத்தைக் கசியவிடும். அதனால் நீரை ஒட்டவிடாத சிலேன் சேர்மங்களால் அதன் மேற்பரப்பை முன்கூட்டியே மாற்றிவிடுகிறார்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்திலும் நகல் ஓரளவு வெள்ளையாக வருகிறது என்றால் அந்த ஒரு அடுக்கு சேர்மத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இப்படி அரைத்தெடுக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. 8 அல்லது 10 மைக்ரான் வரை கவலையில்லை. (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) அதற்குக் கீழே போகப் போக மின்செலவு கடுமையாக ஏறும், வேண்டாத தூசியும் பெருகும். இன்னொரு குறை இதைவிட ஆழமானது. உடைபடும் பொருள் தன் பலவீனமான இடத்தில்தான் உடையும். டோனரில் பலவீனமான இடம் ரெசினும் மெழுகும் சந்திக்கும் இடம். அங்கே பிளந்தால் மெழுகு துகளின் மேற்பரப்பில் வந்து நிற்கும். அப்படிப்பட்ட துகள் ஒட்டும், மின்னூட்டத்தையும் சீராக ஏற்காது. ஒரு துகள் ஒரு வடிவம், அடுத்தது வேறு வடிவம். கறுப்பு எழுத்துக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. வண்ண அச்சு வந்தபோது பொறுக்க முடியவில்லை. நான்கு நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும்போது பெரிய துகள்களால் படம் மேடாகிவிடும்; விரலால் தடவினாலே தெரியும்.

அப்போதுதான் சிலர் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். பெரியதை உடைத்துச் சிறியதாக்குவதற்குப் பதிலாக, மிகச் சிறியதிலிருந்து வேண்டிய அளவுக்கு வளர்த்தால் என்ன? ஜப்பானில் நிப்பான் ஜியான், கேனன் போன்ற நிறுவனங்கள் தண்ணீருக்குள் மிதக்கும் சிறு துளிகளையே பாலிமராக்கி உருண்டைத் துகள் செய்யும் வழியில் போயின. ஜெராக்ஸ் நிறுவனம் 1974-இல் கனடாவின் மிசிசாகாவில் தொடங்கிய ஆய்வகம் வேறொரு வழியைத் தேர்ந்தது. கிராசினா க்மீசிக்-லாவ்ரினோவிச், குவெரினோ சாக்ரிபாந்தே, ராஜ் படேல் ஆகியோரின் பெயர்களை 1990-களின் காப்புரிமைகளில் திரும்பத் திரும்பக் காணலாம். அச்சு வரலாற்று நூல்களில் இந்தப் பெயர்களைத் தேடினால் எளிதில் அகப்படாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

அவர்களுடைய முறை தண்ணீரில் தொடங்குகிறது. ஏறத்தாழ 0.2 மைக்ரான் அளவுள்ள பாலிமர் துகள்கள் பால்போல் கலந்திருக்கும் கரைசல் ஒன்று. அதில் நிறமியும் மெழுகும் அதேபோல் நுண்ணியதாகக் கலக்கப்படுகின்றன. எல்லாத் துகள்களும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். இப்போது கரைசலை அமிலமாக்கி பாலி அலுமினியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். கலங்கிய ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலக்கினால் மண் துகள்கள் ஒன்றுசேர்ந்து படிவதை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோம். இங்கே நடப்பதும் அதே வேதியியல்தான். இரண்டிலும் வேலை செய்வது அலுமினியம். குடிநீர் நிலையங்களில் இதே பாலி அலுமினியம் குளோரைடைப் பயன்படுத்துகிறார்கள். அலுமினியம் துகள்களின் மின்னூட்டத்தைச் சமன்படுத்த, தள்ளிக்கொண்டிருந்தவை ஒட்டத் தொடங்குகின்றன.

குடிநீர்த் தொட்டியில் கட்டி எவ்வளவு பெரிதானாலும் நல்லது. டோனரில் அது சரியாக 5 அல்லது 6 மைக்ரானில் நிற்க வேண்டும். கலனில் வெப்பத்தை 50 டிகிரி செல்சியஸ் அருகே வைத்து, கலக்கும் வேகத்தைக் கவனித்து, அடிக்கடி மாதிரி எடுத்து அளந்து பார்க்கிறார்கள். வேண்டிய அளவு நெருங்கியதும் மெழுகும் நிறமியும் இல்லாத சுத்தமான பாலிமர் துகள்களை ஊற்றுகிறார்கள். அவை போய் வெளியே ஓடாகப் படிகின்றன. மெழுகு உள்ளே அடைபட்டுவிடுகிறது. உடனே காரத்தைச் சேர்த்து மின்னூட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் துகள்கள் மறுபடி ஒன்றையொன்று தள்ளத் தொடங்கி, வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும். இப்படி வளர்ந்த 5.5 மைக்ரான் துகள் ஒன்றில் கணக்குப்படி கிட்டத்தட்ட 20,000 நுண்துகள்கள் இருக்கும். எந்த அரவை இயந்திரத்தாலும் மெழுகை நடுவில் வைத்து, சுற்றிலும் தூய ஓடு போட்டுத் தர முடியாது. இந்த இடத்தில்தான் இது வெறும் செலவுக் குறைப்பு என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

பிறகு வெப்பத்தை 95 டிகிரி அருகே ஏற்றுகிறார்கள். முடிச்சு முடிச்சாக இருந்த துகள் மெல்ல இளகி வழவழப்பாகிறது. நேரம் கூடக் கூட உருண்டையாகும். முழு உருண்டைதான் சிறந்தது என்று தோன்றும். அப்படியில்லை. காகிதத்துக்கு மாறாமல், படம் விழும் உருளையில் எஞ்சிய பொடியை ஒரு ரப்பர் தகடு வழித்தெடுக்க வேண்டும். முழு உருண்டைத் துகள் அந்தத் தகட்டுக்கு அடியில் உருண்டு தப்பிவிடும். அடுத்த நகலில் கோடாக விழும். எனவே கொஞ்சம் கோணலாக இருக்கும்போதே நிறுத்துகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் அதை உருளைக்கிழங்கு வடிவம் என்றே சொல்கிறார்கள். குளிர்வித்து, கழுவி, உலர்த்தினால் டோனர். 2007-இல் நியூயார்க் மாநிலத்தின் வெப்ஸ்டரில் இதற்கென்றே ஜெராக்ஸ் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது.

இனி, காகிதம் கருகும் பழைய கவலை. லேசர் அச்சுப்பொறியில் மின்சாரத்தை அதிகம் தின்பது ஃப்யூசர் எனப்படும் சூடான உருளை. உருகும் வெப்பத்தைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம். ஆனால் மிகவும் குறைத்தால் வெயிலில் நிற்கும் லாரியிலேயே பொடி கட்டியாகிவிடும். கிடங்கில் கல்லாகவும் உருளையில் நீராகவும் இருக்கும் பொருள் வேண்டும். சாதாரண ரெசின் நிதானமாக இளகும். படிகத் தன்மையுள்ள பாலியெஸ்டரோ ஒரு குறிப்பிட்ட வெப்பத்தில் சட்டென்று உருகும். அதை நடுவில் வைத்து, கெட்டியான ரெசினால் ஓடு போடுகிறார்கள். வளர்க்கும் முறை இல்லாதிருந்தால் இது எளிதில் கைகூடியிராது. முன்பு சூடான உருளையில் பொடி ஒட்டாமலிருக்க சிலிக்கோன் எண்ணெய் தடவுவார்கள். இப்போது உள்ளே அடைத்த மெழுகே உருகும் நொடியில் கசிந்து அந்த வேலையைப் பார்க்கிறது.

கடைகளில் கார்ட்ரிட்ஜை மறுபடி நிரப்புபவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். எல்லாக் கறுப்புப் பொடியும் ஒன்றல்ல. நேர் மின்னூட்டம் பெறும் டோனரும் உண்டு, எதிர் மின்னூட்டம் பெறும் டோனரும் உண்டு. உருகும் வெப்பமும் மாறும். தவறான பொடி எழுத்தைக் கெடுப்பதோடு நிற்காது, உருளையையும் கெடுக்கும். கொட்டிய டோனரைச் சாதாரண வாக்குவம் கிளீனரால் இழுக்கவும் கூடாது. காற்றில் பரவிய டோனர் தீப்பொறி பட்டால் வெடிக்கும் தன்மையுள்ளது. துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துத் துடைப்பதே சரி. வெந்நீர் அதை இளக்கி ஒட்டவைத்துவிடும்.

கடைசியாக, நான் மிக முக்கியமாகக் கருதும் ஒரு சம்பவம். 1980-இல் 'சயன்ஸ்' இதழில் ஸ்வீடனின் கோரன் லோஃப்ரோத் குழுவினரும், ஹெர்பர்ட் ரோசன்கிரான்ஸ் குழுவினரும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சில நகல்களிலிருந்தும் டோனரிலிருந்தும் கரைத்தெடுத்த சாறு, ஏம்ஸ் சோதனையில் பாக்டீரியாக்களின் மரபணுவில் மாற்றங்களை உண்டாக்கியது. தேடிப் போனபோது குற்றவாளி பிளாஸ்டிக் அல்ல என்று தெரிந்தது. கரித்தூளில் மிகச் சிறு அளவில் கலந்திருந்த நைட்ரோபைரீன் என்ற சேர்மங்கள்தான் காரணம். கரித்தூளை ஆக்சிஜனேற்றம் செய்யும் கட்டத்தில் அவை உருவாகியிருந்தன. ரோசன்கிரான்ஸ் குழுவின் கட்டுரையில் ஜெராக்ஸ் ஆய்வாளரும் ஓர் ஆசிரியர் என்பதைக் குறிப்பிட வேண்டும். சேர்மம் இன்னதென்று பிரித்துக் காட்டியதோடு, கரித்தூள் செய்யும் முறையை மாற்றி அதை வெகுவாகக் குறைத்ததையும் அந்தக் கட்டுரையே சொல்கிறது. இன்று நல்ல நிறுவனங்களின் டோனருக்கான பாதுகாப்புத் தகவல் தாளை வாங்கிப் படித்தால், ஏம்ஸ் சோதனை முடிவு எதிர்மறை என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். பெயர் தெரியாத பொடியை மலிவாக வாங்கும்போது அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள். தர முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

(தொடரும்)