தலைப்பாகைக் கதாநாயகன்: குஜராத்தித் திரை, அன்றும் இன்றும்

தூர்தர்ஷன் ராமாயணத்தின் ராவணனை நம்மில் பலர் இன்னும் மறந்திருக்க மாட்டோம். 1987இல் தொடங்கிய அந்தத் தொடர், ஞாயிறு காலைகளில் இந்தி புரியாத வீடுகளையும் கட்டிப்போட்டது. ராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதி குஜராத்தி மேடையில் வளர்ந்தவர். நாட்டுக்கு அவர் அறிமுகமாவதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே அவருடைய அண்ணன் குஜராத்தின் கதாநாயகனாகிவிட்டிருந்தார். நமக்குத் தம்பியைத்தான் தெரியும். குஜராத்திகளுக்கு முதலில் அண்ணன், பிறகுதான் தம்பி.

அண்ணனின் பெயர் உபேந்திர திரிவேதி. 1936 செப்டம்பர் 14 அன்று இந்தூரில் பிறந்தார். பூர்விகம் வட குஜராத்தில் இடர் நகரை ஒட்டிய குகடியா கிராமம். ஆனால் நடிகராக அவரை உருவாக்கிய ஊர் பம்பாய். அன்று குஜராத்தி நாடகத்தின் தலைநகர் குஜராத்தில் இல்லை, பம்பாயில்தான் இருந்தது. கால்பாதேவியின் பாங்வாடி அரங்கில் பழைய கம்பெனி நாடகங்கள் நடந்தன. இன்னொரு பக்கம் ஐ.என்.டி. (இந்தியன் நேஷனல் தியேட்டர்) போன்ற அமைப்புகளும் பிரவீன் ஜோஷி போன்ற இயக்குநர்களும் புதிய பாணியைக் கொண்டுவந்தார்கள். உபேந்திராவின் பெருங்குரலும் நிமிர்ந்த நடையும் வசனத்தை நிறுத்திச் சொல்லும் தோரணையும் அந்த மேடை தந்தவை. 'அபிநய சாம்ராட்' என்ற பெயரில் ஒரு நாடகம் போட்டார். பிறகு அந்தப் பெயரே அவருக்குப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. நம்மூர் நடிகர் திலகத்தைப் போல, திட்டுகிறவர்களும் பட்டத்தைச் சொல்லித்தான் திட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

குஜராத்தியில் பேசும் படம் 1932இலேயே வந்துவிட்டது. 'நர்சிங் மேத்தா' என்ற பக்திப் படம். ஆனால் அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளாகக் குஜராத்தி சினிமா பெரிதாக எழவில்லை. இந்தி சினிமா தயாராகும் பம்பாயிலேயே குஜராத்திப் படமும் தயாரானது. பணம் போட்டவர்களிலும் கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களிலும் குஜராத்திகள் ஏராளம், ஆனால் அவர்கள் எடுத்தது இந்திப் படங்களை. பக்கத்து வீட்டில் விருந்து நடக்கும்போது சொந்த அடுப்பை யார் மூட்டுவார்கள்?

1971இல் நிலைமை மாறியது. இந்தியில் துப்பறியும் படங்கள் எடுத்துப் பேர் வாங்கியிருந்த ரவீந்திர தவே, குஜராத்தின் கச்சு மண்ணின் ஒரு கதையை வண்ணப் படமாக எடுத்தார். படம் 'ஜேசல் தோரல்'. கொள்ளையன் ஜேசல் ஜாடேஜா, அவனை பக்தி வழிக்குத் திருப்பிய தோரல், இருவருக்கும் கச்சில் அஞ்சார் நகரில் சமாதி இருக்கிறது. இரண்டு சமாதிகளும் ஆண்டுக்கு ஆண்டு அணுவணுவாக நெருங்குவதாகவும், அவை தொட்டுக்கொள்ளும் நாளில் உலகம் அழியும் என்றும் அங்கே ஒரு நம்பிக்கை உண்டு. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை வண்ணத்தில், அவினாஷ் வியாஸின் இசையோடு, உபேந்திராவின் குரலில் கேட்டதுதான் புதிது. உபேந்திரா ஜேசலாகவும் அனுபமா தோரலாகவும் நடித்தார்கள். படம் வாரக்கணக்கில் ஓடியது. மாநில அரசின் கேளிக்கை வரிச் சலுகையும் சேர்ந்துகொள்ள, குஜராத்திப் படம் எடுப்பது லாபத் தொழிலானது.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த படங்களின் பெயர்களைப் படித்தாலே கதை விளங்கும். 'ராஜா பர்த்தரி', 'ஹோத்தல் பத்மணி', 'மாளவபதி முஞ்ச்'. ராஜாக்கள், வீரர்கள், கற்புக்கரசிகள், பாளியாக் கற்கள் என்று அங்கே சொல்லும் நடுகற்கள். கதாநாயகனுக்குச் சுருக்கம் வைத்துத் தைத்த கேடியு சட்டை, பெரிய தலைப்பாகை, முறுக்கிய மீசை, இடுப்பில் வாள். ஜோடி பெரும்பாலும் சினேகலதா. சிரிப்புக்கு ரமேஷ் மேத்தா. எதிரில் நிற்க வில்லனாகச் சொந்தத் தம்பியே இருந்தார். வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்த கிராமத்து ரசிகர்களுக்கு அந்த உடை அன்னியமில்லை. அது அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் உடுத்தியது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. வென்ற வேடத்தை யாரும் கழற்ற விரும்பவில்லை. அகமதாபாத்திலும் சூரத்திலும் வதோதராவிலும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள், ஸ்கூட்டர் வாங்கினார்கள், அமெரிக்க விசாவுக்கு வரிசையில் நின்றார்கள். திரையில் மட்டும் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. படித்த குடும்பங்கள் இந்திப் படத்துக்குப் போயின. குஜராத்திப் படம் என்றால் பட்டிக்காட்டுச் சமாச்சாரம் என்ற இளக்காரம் படிந்தது. எண்பதுகளில் நரேஷ் கனோடியா பாட்டும் ஆட்டமுமாகச் சில காலம் கொட்டகைகளை நிரப்பினார். அவரும் அதே கிராமத்துச் சட்டகத்தில்தான் நின்றார்.

இந்தத் தேக்கத்துக்கு உபேந்திராவைப் பொறுப்பாக்குவது அங்கே வழக்கம். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. அந்தச் சட்டகத்தால் அதிகம் சம்பாதித்தவர் அவர், உண்மை. ஆனால் அதை உடைக்க முயன்றவரும் அவரே. புகழின் உச்சம் தொடங்கிய 1972லேயே மனுபாய் பஞ்சோலியின் நாவல் 'ஜேர் தோ பீதாம் சே ஜாணி ஜாணி'யைத் தானே இயக்கிப் படமாக்கினார். 1993இல் பன்னாலால் படேலின் 'மானவீனி பவாய்' நாவலைக் கையில் எடுத்தார். 1899–1900 பெரும் பஞ்சத்தை, விக்கிரம ஆண்டு 1956இல் வந்ததால் 'சப்பனியோ' என்று அங்கே சொல்வார்கள். அந்தப் பஞ்சத்தில் மாடும் மனிதரும் மடிந்த கதைதான் நாவல். உபேந்திரா தானே இயக்கி, காளு என்ற விவசாயியாக நடித்தார். அதே தலைப்பாகைதான், ஆனால் வாள் இல்லை. தானியத்துக்குக் கையேந்துவதா, சாவதா என்று குமுறும் மனிதனின் தலையில் இருந்தது அது. சிறந்த குஜராத்திப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. அந்த வழியில் அவரைப் பின்தொடர ஆள் இல்லை.

அரசியலும் உண்டு. பிலோடா தொகுதியில் வென்று சட்டமன்றத்துக்குப் போனார், துணைச் சபாநாயகராகவும் இருந்தார். ராவணனாக நடித்த தம்பி 1991இல் சாபர்காண்டா மக்களவை உறுப்பினரானார். கொட்டகையில் கைதட்டியவர்கள் வாக்குச் சாவடியிலும் கைகொடுப்பது தமிழனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய சங்கதியில்லை. ஆனாலும் ஒரு கட்சியையோ ஆட்சியையோ அங்கே எந்த நடிகரும் கட்டி எழுப்பவில்லை. 1989இல் உபேந்திராவுக்குப் பத்மஸ்ரீ வந்தது. 2015 ஜனவரி 4 அன்று மும்பையில் காலமானார்.

அவர் மறைவதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே புதுக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. 2012இல் அபிஷேக் ஜெயின் இயக்கிய 'கேவீ ரீதே ஜைஷ்', அமெரிக்கா போகத் துடிக்கும் படேல் குடும்பத்துப் பையனின் கதை. 2014இல் அவரே எடுத்த 'பே யார்', அகமதாபாத் டீக்கடையிலும் தெருக்களிலும் திரியும் நண்பர்களைப் பற்றியது. 2015 நவம்பரில் வந்த 'செல்லோ திவஸ்' கல்லூரி மாணவர்களை மல்டிபிளெக்ஸுக்கு இழுத்தது. கதாநாயகன் ஜீன்ஸ் போட்டான், பாதி ஆங்கிலம் கலந்து பேசினான், கடன் வாங்கினான், பொய் சொன்னான்.

'பே யார்' நாயகர்களில் ஒருவரான பிரதீக் காந்தி சூரத்துக்காரர். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை, பொறியியல் படித்தவர். வேலை பார்த்துக்கொண்டே மேடையில் நடித்தவர். காந்தி மகாத்மா ஆவதற்கு முந்தைய மோகன்தாஸைப் பற்றி மனோஜ் ஷா இயக்கிய ஓராள் நாடகத்தை ஒரே நாளில் குஜராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் நடித்துக் காட்டினார். 2020இல் 'ஸ்காம் 1992' இணையத் தொடரில் பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவாக வந்தபோதுதான் இந்தியா அவரைக் கண்டது. உபேந்திராவின் ராஜ்ஜியம் குஜராத்தி பேசும் கிராமங்களோடு முடிந்தது. பிரதீக்குக்கு எல்லையைக் கைப்பேசி அழித்துக்கொடுத்தது.

மேடை மட்டும் அதிகம் மாறவில்லை என்பது எனக்கு வியப்பு. மும்பையில் ஞாயிற்றுக்கிழமை நாடகம், சங்கங்களும் மகளிர் மண்டல்களும் மொத்தமாக வாங்கிக்கொள்ளும் காட்சிகள், இடைவேளையில் பட்டாட்டா வடா. நம் சபாக்களை அறிந்தவர்களுக்கு இது பழகிய உலகம். அந்தப் பார்வையாளருக்குக் குடும்ப நகைச்சுவை போதும் என்ற அலுப்பும் நமக்குத் தெரிந்ததே. ஆனாலும் அன்றைய திரிவேதி சகோதரர்களையும் இன்றைய பிரதீக்கையும் தந்தது அந்த மேடைதான்.

2019இல் இன்னொரு திருப்பம். நாடகத்திலிருந்து வந்த அபிஷேக் ஷா இயக்கிய 'ஹெல்லாரோ' நாட்டின் சிறந்த படமாகத் தேசிய விருது பெற்றது. களம் மீண்டும் கச்சு, மீண்டும் தலைப்பாகைகள். ஆனால் கதை தலைப்பாகை கட்டிய ஆண்களுடையது அல்ல, கர்பா ஆடத் தடை விதிக்கப்பட்ட பெண்களுடையது. நடித்த பதின்மூன்று பெண்களுக்கும் நடுவர் குழு சிறப்பு விருது தந்தது. 2025இல் ஜுனாகட் ஆட்டோ ஓட்டுநரின் கதையான 'லாலோ', குஜராத்திப் படங்களில் முதல்முறையாக நூறு கோடி ரூபாய் வசூலைத் தாண்டியது.

நூறு கோடி பெரிய செய்திதான். என் கணக்கு வேறு. உபேந்திராவின் படங்களை நிறைத்த கிராமத்துக் கூலிக்காரனுக்கு மல்டிபிளெக்ஸ் டிக்கெட் எட்டாது. தரத்தில் இன்றைய குஜராத்திப் படம் அன்றையதைவிட மேல், சந்தேகமில்லை. அதன் கதவுதான் குறுகிவிட்டது. 'மானவீனி பவாய்' எங்காவது பார்க்கக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். ஜேசலைவிடக் காளுவே உபேந்திராவின் சிறந்த வேடம்.