மாடுகளின் வயிற்றுப்பொருமல்

சேத்தூர், இராஜபாளையம் பகுதிகளில் மழைக்குப்பின் தழைத்த இளம்பயற்றங்கொடியைப் பசித்த மாடு வயிறாரத் தின்னுமாயின், சில மணி நேரத்திற்குள் இடப்புறப் பள்ளை மேடிட்டு, தட்டினால் முரசுபோல் ஒலிக்கும். மாடு அசைபோடாது, மூச்சுத் திணறும். தாமதித்தால் மரணமே.

மாட்டின் முதல் வயிற்றில் தீவனம் புளிக்கையில் கரியமிலவாயுவும் மீதேனும் ஓயாமல் உண்டாகி ஏப்பமாக வெளியேறுதல் இயற்கை. இளம்பயற்றந்தழையிலோ வாயு நுரைக்குள் சிக்கிக்கொள்கிறது. நுரையின்றியும் வாயு தேங்குவதுண்டு. மாந்தோப்புகளுள்ள இப்பக்கங்களில் மாங்கொட்டை உணவுக்குழலை அடைத்திருத்தல் கூடும். அப்போது எச்சில் ஒழுகும். அடிக்கடி பொருமும் மாட்டின் வயிற்றில் கம்பியோ ஆணியோ தங்கியிருக்கலாம்.

காரணம் இன்னதென்று அறிய, கால்நடை வைத்தியர் இரப்பர்க்குழலை வாய்வழியே செலுத்துவார். குழல் இடையில் தடைபட்டால் அடைப்பு. வாயு சீறி வெளிப்பட்டு வயிறு தணிந்தால் நுரையில்லாப் பொருமல். நுரையே வந்தால், அரை லிட்டர் வரை கடலையெண்ணெயை அக்குழல் வழியே செலுத்த நுரை உடையும். நாக்கை இழுத்துப் பிடித்து மூங்கிற் குழாயால் எண்ணெய் ஊற்றும் வழக்கம் கொடிது. எண்ணெய் நுரையீரலுட் புகுந்தால், பொருமலுக்குத் தப்பிய மாடும் மாளும்.

வைத்தியர் வருமளவும் முன்கால்கள் மேட்டிலிருக்க மாட்டை நிறுத்துதல் நலம். பயற்றங்கொடியில் விடுமுன் சிறிது வைக்கோல் தின்னக் கொடுத்தல் வேண்டும்.