உள்ளங்கையில் ஒரு ஹெரால்டு

அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பெங்களூர் கண்டோன்மெண்ட் பகுதியில் வளர்ந்த அன்பர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இளைய வாசகர்களுக்காக இரண்டு வரி சொல்கிறேன். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்து கொடுத்த உருவில், பிரிட்டனின் ட்ரையம்ஃப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட கார் ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் அதை நம் நாட்டுக்கென்று தயாரித்தது. முன்பக்கத்து பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறந்துகொள்ளும். சந்துக்குள்ளும் சட்டென்று திரும்பிவிடும். நம் ஊர்த் தெருக்களுக்கு வேறென்ன வேண்டும்?

அலசூரில் இருந்த என் பெரியப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. சென்னையில் வாங்கி, இங்கே பல ஆண்டுகள் ஓட்டி, எண்பதுகளில் மனமில்லாமல் விற்றார். அவருடைய எண்பதாவது பிறந்த நாளுக்கு அந்தக் காரின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து தர ஆசைப்பட்டேன். வெளிநாட்டுப் பெட்டி ஒன்றை வரவழைத்து, ஒரு மாதம் உழைத்து ஒட்டினேன். பளபளவென்று வண்ணம் அடித்தேன். தனியாக வாங்கிய பந்தயக் கோடுகளையும் இருபுறமும் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "வண்டி ரொம்ப அழகா இருக்குப்பா. யாரோடது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதே இந்தக் கட்டுரை.

பொம்மை வேறு, மாடல் வேறு

ஸ்கேல் மாடல் என்பது அசல் வண்டியின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. 1/32 என்றால், அசலில் 32 அங்குலம் மாதிரியில் ஒரு அங்குலம். ஹெரால்டின் நீளம் 12 அடி 9 அங்குலம். 1/32-இல் அது ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய 121 மி.மீ. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கார் மாடல்களில் 1/24, 1/25 என்ற அளவுகளே அதிகம் கிடைக்கின்றன. ஜப்பானின் தமியா நிறுவனம் 1/24-லும், அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் 1/25-லும் வெளியிடுகின்றன. அலமாரியில் வைக்கும் வார்ப்பு உலோகக் கார்களில் 1/43 பிரபலம். இந்த விநோத எண் ரயில் மாதிரிகளிலிருந்து வந்தது. ஓர் அடிக்கு 7 மி.மீ. என்று கணக்கிட்டால் ஏறக்குறைய 1/43 வரும்.

இதில் நமக்குள்ள சிரமம் வேறு. ஃபெராரிக்கும் போர்ஷேவுக்கும் எத்தனையோ பெட்டிகள் உண்டு. நம் வீதிகளில் ஓடிய கார்களுக்கு அப்படி இல்லை. அம்பாசிடருக்கு நம் நாட்டு சென்டி நிறுவனம் செய்யும் விளையாட்டுக் கார் இருக்கிறது. அதைப் பிரித்து, திருத்தி, வண்ணம் மாற்றி மாடலாக்குகிறவர்கள் உண்டு. ஹெரால்டு விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம். 1939-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், அறுபதுகளில் 1/32 அளவில் ட்ரையம்ஃப் ஹெரால்டு பெட்டி ஒன்றை வெளியிட்டது. பின்னாளில் மறுபடியும் கொண்டுவந்தது. பிரிட்டிஷ் வண்டி என்பதால் ஸ்டியரிங் நம் ஊரைப் போலவே வலப்புறம் இருக்கும். அமெரிக்கக் காரை நம் ஊர்க் காராக மாற்ற முயன்றால் முதலில் டாஷ்போர்டையே வெட்டி மாற்ற வேண்டிவரும்.

ஆனால் பெட்டியில் இருப்பது பிரிட்டனில் ஓடிய ட்ரையம்ஃப். பெரியப்பா ஓட்டியது வண்டலூரில் பிறந்த ஸ்டாண்டர்டு. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைதான் நம் வேலை.

எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்

புதிதாகக் கார் வாங்கியவர் ஜே.சி. ரோட்டுக்குப் போய் வீல் கப், சீட் கவர், கேரியர் என்று எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போடுவதை நாம் அறிவோம். மாடல் உலகிலும் அதே கதைதான். பெட்டியில் வராத, வந்தாலும் தடிமனாக இருக்கும் பாகங்களைத் தனியாகச் செய்து விற்கும் சிறு நிறுவனங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதலாவது, ரசாயனத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடுகள். வைப்பர், கிரில், எழுத்துச் சின்னங்கள் போன்றவை இவ்வகை. இரண்டாவது, ரெசின் வார்ப்புகள். சக்கரம், இருக்கை, சில சமயம் முழு பாடியே கூட இப்படிக் கிடைக்கும். மூன்றாவது, லேத்தில் கடைந்த அலுமினியப் பாகங்கள், மெல்லிய ஒயர்கள், துணி பெல்ட்டுகள்.

இவற்றைப் பார்த்ததும் எல்லாவற்றையும் வாங்கிப் போடத் தோன்றும். நான் செய்த தவறும் அதுதான். அறுபதுகளின் ஹெரால்டில் சீட் பெல்ட் ஏது? பந்தயக் கோடு ஏது? அழகாக இருக்கிறது என்று சேர்க்கும் ஒவ்வொரு பாகமும் அந்த வண்டியை வேறு யாருடைய வண்டியாகவோ ஆக்கிவிடுகிறது. விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் பழைய புகைப்படத்தைப் பார்க்க வேண்டும். குடும்ப ஆல்பத்தில் காரின் முன் நின்று எடுத்த படம் ஒன்றாவது இருக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் இன்னும் நிறையக் கிடைக்கும்.

நம் வண்டிக்கு நாமே

பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் முதலில் சொன்னது கூரைமேல் இருந்த கேரியர். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது படுக்கையும் பெட்டியும் அதன்மேல்தான் ஏறும். இதை எந்த நிறுவனமும் 1/32-இல் விற்கவில்லை, விற்கவும் தேவையில்லை. அரை மி.மீ. செம்புக் கம்பியை 32-ஆல் பெருக்கினால் 16 மி.மீ. குழாய், கேரியருக்குச் சரியான கனம். பழைய தொலைபேசி ஒயரின் தோலை உரித்து, ஒரு பலகையில் ஆணி அடித்து அதன்மேல் கம்பியை வளைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்தேன்.

வீல் கப் நான்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கவனமாகச் செய்து, அதைச் சுற்றி சிலிகான் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்தேன். பிறகு அந்த அச்சில் இரு திரவங்களைக் கலந்து செய்யும் பாலியூரித்தேன் ரெசினை ஊற்றினால் வேண்டிய எண்ணிக்கை வார்க்கலாம். இந்த ரெசினுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் திறந்து வைத்த டப்பா, தோசை மாவு போல நுரைத்துக்கொள்ளும். இன்னொருவர் விலைக்கு விற்கும் பாகத்தை வாங்கி அச்செடுத்து விற்பது திருட்டு. முதல் உருவை நாமே செய்ய வேண்டும்.

உலோகத் தகட்டை அரிப்பதும் நமக்குப் புதிதல்ல. எஸ்.பி. ரோட்டில் மின்னணுவியல் மாணவர்கள் சர்க்யூட் போர்டு செய்ய வாங்கும் அதே ஃபெரிக் குளோரைடுதான் இதற்கும். வேண்டிய உருவத்தை மட்டும் ரசாயனம் தொடாதபடி மூடிவிட்டால், மற்ற இடத்துப் பித்தளை கரைந்துபோகும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பயன்படுத்திய திரவத்தில் செம்பு கலந்திருப்பதால் சாக்கடையில் ஊற்றக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது.

இந்திய ஹெரால்டுக்கே உரிய அடையாளம் ஒன்று உண்டு. 1968-இல் வந்த மார்க் 3 நான்கு கதவுகள் கொண்டது. பிரிட்டனில் அப்படி ஒரு ஹெரால்டு வந்ததே இல்லை. அதைச் செய்ய விரும்புவோர் பழைய கதவுக் கோடுகளைப் புட்டி வைத்து அடைத்து, நடுத்தூணை முன்னே நகர்த்தி, புதுக் கோடுகளை ஊசியால் கீற வேண்டும். பெரியப்பாவுடையது அதற்கு முந்தைய இரண்டு கதவு வண்டி என்பதால் நான் தப்பித்தேன்.

டீகால் என்னும் மெல்லிய தோல்

மாடலுக்கு உயிர் தருவது எழுத்துகளும் சின்னங்களும். இவற்றுக்கு ஸ்டிக்கர் உதவாது. பத்தில் ஒரு மி.மீ. கனமுள்ள ஸ்டிக்கர், அசல் அளவில் மூன்று மி.மீ. கனமான அட்டையை ஒட்டியது போல் துருத்தி நிற்கும். ஆகவே டீகால் பயன்படுகிறது. ஒரு தாள், அதன்மேல் நீரில் கரையும் பசை, அதன்மேல் மெல்லிய வார்னிஷ் படலம், அந்தப் படலத்தில் அச்சு. நீரில் நனைத்தால் பசை இளகி, படலம் தாளிலிருந்து வழுக்கிக்கொண்டு வரும்.

டீகால் தாளை வாங்கி, கணினியில் வரைந்து, வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிடலாம். சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு அளவு பாருங்கள். பல பிரிண்டர்கள் பக்கத்துக்குள் அடக்குவதற்காகத் தாமாகவே படத்தைச் சுருக்கிவிடும். இங்க்ஜெட் மை நீரில் கரையும். அச்சிட்டபின் தெளிந்த வார்னிஷை இரண்டு மூன்று முறை மெல்லியதாகத் தெளித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே நனைக்க வேண்டும். லேசர் அச்சுக்கு அந்தப் பயம் குறைவு.

ஒட்டும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும். சொரசொரப்பான வண்ணத்தின்மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, வெள்ளி பூத்தது போல் தெரியும். வெதுவெதுப்பான நீரில் சில விநாடி நனைத்து, வெளியே எடுத்து ஒரு நிமிடம் விடுங்கள். கையால் தூக்காமல், தாளை வண்டியருகே வைத்து, ஈரத் தூரிகையால் நகர்த்துங்கள். வளைவுகளில் படிய வைக்க மென்மையாக்கும் திரவம் கிடைக்கிறது. அதைத் தடவியதும் டீகால் சுருங்கிக் கோணலாகி, பார்ப்பவரைப் பதற வைக்கும். தொடாதீர்கள். காயும்போது தானே படிந்துகொள்ளும். பதறிய காரியம் சிதறும் என்பது இங்கே முழு உண்மை. மறுநாள் பசையை ஈரத்துணியால் துடைத்து, மேலே வார்னிஷ் தெளித்தால் வேலை முடிந்தது. மழை பெய்யும் நாளில் தெளிக்க வேண்டாம், வார்னிஷ் வெளுத்துவிடும்.

வீட்டுப் பிரிண்டரால் முடியாதவை வெள்ளையும் வெள்ளியும். அதில் வெள்ளை மை கிடையாது. தாளின் வெண்மையைத்தான் நாம் வெள்ளையாகப் பார்க்கிறோம். கொஞ்சம் பெரிய எழுத்துகளுக்கு, சிக்பேட்டைப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையே போதும்; அதில் வெள்ளை, வெள்ளி மைகள் உண்டு. ஒரு மி.மீ. எழுத்தென்றால் திட்டாகிவிடும், அதற்குப் பித்தளைத் தகடே மேல்.

நம்பர் பிளேட்

ஹெரால்டை ஒரு வீட்டுக்குச் சொந்தமாக்குவது அதன் நம்பர் பிளேட். அன்று சென்னை மாநில வண்டிகள் பலவற்றின் எண் எம்.எஸ். என்று தொடங்கும், மைசூர் மாநிலத்து வண்டிகளுக்கு எம்.ஒய். இன்று நாம் காணும் கே.ஏ., டி.என். முறை எண்பதுகளின் இறுதியில்தான் வந்தது. சொந்தக் கார்களுக்கு அன்று கருப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து. வெள்ளைத் தகடு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த மாற்றம்.

வெள்ளை எழுத்தை எப்படி அச்சிடுவது? வெள்ளை டீகால் தாளை எடுத்துக்கொண்டு, எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள கருப்பை மட்டும் அச்சிட வேண்டும். எழுத்து தானே வெள்ளையாக நிற்கும். ஒன்றரை அடித் தகடு 1/32-இல் 14 மி.மீ. மெல்லிய பிளாஸ்டிக் துண்டின்மேல் டீகாலை ஒட்டி, அதை வண்டியில் பொருத்தினால் அசல் தகடு போலவே இருக்கும். ஒரே தாளில் ஏழெட்டுப் பிரதிகள் அச்சிட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

கோடுகளை நீக்கி, சாம்பல் நிறம் அடித்து, கேரியர் ஏற்றி, தகடு மாட்டி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் அலசூருக்குக் கொண்டுபோனேன். இந்த முறை பெரியப்பா கேள்வி எதுவும் கேட்கவில்லை. கேரியரை விரலால் தொட்டுப் பார்த்தார். பின் பம்பரைத் திருப்பிப் பார்த்தார். "ஒசூர் தாண்டி ஒரு லாரிக்காரன் இடிச்சான். இடது பக்கம் நசுங்கியிருக்கணுமே" என்றார். பிறகு நம்பர் பிளேட்டைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கடைசி நம்பர் மூணு இல்லப்பா, எட்டு."

ஆல்பத்துப் படம் மங்கலாக இருந்ததால் வந்த பிழை. வீட்டுக்கு வந்து எட்டு போட்டு மறுபடி அச்சிட்டேன். எழுத்தில் பிழை வந்தாலும், ஒட்டும்போது கிழிந்தாலும், தாளில் மிச்சம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பம்பரையும் லேசாகச் சூடுகாட்டி நசுக்கினேன்.

வண்டலூர்த் தொழிற்சாலை எண்பதுகளின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது. எஞ்சிய ஹெரால்டுகளைச் சில பிரியர்கள் காப்பாற்றி வருகிறார்கள். மற்றவை குஜிரிக் கடைக்குப் போய்விட்டன. உங்கள் வீட்டிலும் ஒரு ஃபியட்டோ, அம்பாசிடரோ, ஹெரால்டோ இருந்திருக்கலாம். அதை ஓட்டியவர் இன்னும் நம்மோடு இருந்தால், பெட்டி வாங்குவதற்கு முன் அவரருகே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். நிறம், கேரியர், டாஷ்போர்டில் இருந்த பிள்ளையார், நசுங்கிய இடம், நம்பர் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நம்பரை மட்டும் இரண்டு முறை கேளுங்கள்.