மலை ஏறினால் மணி முந்தும்

கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; நுவரெலியா 1,868 மீற்றரில். இரண்டு ஊரிலும் ஒரேமாதிரிக் கடிகாரம் வைத்தால், நுவரெலியாக் கடிகாரம் ஆண்டுக்கு நான்கரை மைக்ரோசெக்கனுக்குச் சற்று மேலாக முந்திக்கொள்ளும். உயரே போகப் போக நேரம் வேகமாக ஓடும் என்ற ஐன்ஸ்டைனை மாணவர்கள் நம்பத் தயாரில்லை, இதை அளந்து காட்ட முடியுமா என்று மாத்தளை ஆசிரியர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். முடியும். அதற்குக் கடிகாரமாகத் துடிக்கும் கடுங்குளிர் அணுக்கள் வேண்டும்.

லேசர் சுடும் என்றுதான் நினைப்போம். ஆனால் அணுக்களைக் குளிர்விப்பதே லேசர்தான். பெரஹெரா இரவில் தலதா வீதியில் கூட்டத்துக்கு எதிராக நடந்து பாருங்கள்: ஒவ்வொரு தோளும் இடித்து, நாலு எட்டில் வேகம் போய்விடும். லேசரின் நிறத்தைச் சற்றே சிவப்புப் பக்கம் தள்ளி வைத்தால், அணு எந்தத் திசையில் ஓடினாலும் எதிரே வரும் ஒளியே அதை அதிகம் இடிக்கும். வேகம் அடங்குவதுதான் குளிர்.

இப்படி அடக்கிய ஏறத்தாழ ஓர் இலட்சம் ஸ்ட்ரோன்சியம் அணுக்களை, ஒளியாலான அடுக்குகளில் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினார்கள் அமெரிக்காவின் ஜிலா ஆய்வகத்தில் ஜுன் யே குழுவினர். அணுக்கூட்டத்தின் உயரம் வெறும் ஒரு மில்லிமீற்றர். அதன் தலைப்பக்கத்து அணுக்கள் கால்பக்கத்து அணுக்களைவிட வேகமாகத் துடித்ததை அளந்து, 2022இல் வெளியிட்டார்கள். ஒரு மில்லிமீற்றர்! நுவரெலியா வரை பஸ் ஏற வேண்டியதே இல்லை.

டாக்காவில் 1924இல் சத்தியேந்திரநாத் போஸ் எழுதிய கணக்கிலிருந்து பிறந்த, அணுக்களெல்லாம் ஒரே அலையாக இயங்கும் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருளை 1995இல் உருவாக்க வழிவகுத்ததும் இந்தக் குளிர்தான். ஒளி அடுக்குகளில் நிற்கும் அணுக்களைத் திண்மத்துக்குள் ஓடும் இலத்திரன்களுக்குப் பதிலாக நடிக்கவைத்து, கணினிக்கு எட்டாத கேள்விகளையும் கேட்கிறார்கள்.

நமக்கு இதிலென்ன? உலகிலேயே மிக ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கேதான். அங்கே கடல்மட்டம் கணித்த மட்டத்தைவிட நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. கீழே விழும் குளிர் அணுக்களைக் கொண்டு நிலத்தடியில் இருப்பதற்கேற்ப மாறும் ஈர்ப்பையும் அளக்கலாம். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தார் புதைந்திருந்த சுரங்கப்பாதையை அப்படித்தான் கண்டறிந்தார்கள். கண்டிக்கருகே திகனவிலும் நிலத்தடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்: 2020இல் அந்தப் பக்கம் நிலம் அதிர்ந்தபோது இரண்டு வாரம் பேசினோம், பிறகு மறந்தோம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையும் புவிச்சரிதவியல் துறையும் ஒரே பீடத்தில் இருக்கின்றன. அத்தகைய ஈர்ப்புமானி ஒன்றை இரண்டு துறையும் சேர்ந்து கேட்டு வாங்கி, முதலில் திகனவுக்குக் கொண்டுபோக வேண்டும்.