ஓதம் தொடும் கோடு

இ.சி.ஆர். ஓரம் மனை வாங்க வருகிறவர்கள் பட்டா பார்ப்பார்கள், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார்கள். உயர் ஓதக் கோடு எங்கே போகிறது என்று விசாரிப்பவர் குறைவு. அமாவாசை, பௌர்ணமி ஓதத்தில் கடல் ஏறித் தொடும் எல்லை அது. கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் என்று இந்தக் கரை நெடுக, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பதெல்லாம் அதை வைத்துத்தான். மத்திய அரசின் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஊரகக் கரையில் அந்தக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது என்றது. 2019 அறிவிக்கை, மக்கள்தொகை நெருக்கமான ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டராகக் குறைத்தது.

அந்தக் கோட்டைத் தரையில் குறிக்கச் செல்போன் போதாது. அது காட்டும் இடம் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசு போன்ற பாறைச் சுவரடியில் கேட்கவே வேண்டாம். செயற்கைக்கோள் சிக்னல் கல்லில் பட்டுத் திரும்பிக் கருவியைக் குழப்பும்.  திறந்த வெளியின் பிசகைக் களைய நில அளவர்கள் டி.ஜி.பி.எஸ். என்ற இரட்டைக் கருவி கொண்டு வருகிறார்கள். இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் ஒரு கருவி நிற்கும். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு ஆள் நடப்பார். காற்றுமண்டலம் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவு ஏமாற்றுவதால், நிற்கும் கருவியின் பிழையைக் கழித்தால் நடப்பவரின் இடம் சென்டிமீட்டர் சுத்தமாகக் கிடைத்துவிடும்.

பழைய வரைபடத்தோடு பொருத்தும்போதுதான் வினை. 1802-இல் நில அளவையாளர் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவையின் வாரிசுகளான பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்கள், பூமியின் வடிவத்துக்கு அளவையாளர் எவரெஸ்ட் 1830-இல் கொடுத்த கணக்கைப் பின்பற்றுபவை. ஜி.பி.எஸ். கணக்கு வேறு. மாற்றாமல் ஒட்டினால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போய் விழும். 50 மீட்டருக்கு வழக்கு நடக்கும் கரையில் இது சின்ன விஷயமா?

என் கவலை வேறு. ஆயத்தொலைவைக் கருவி தரும். அந்த இடம் என்ன என்பதை மனிதர்தான் நிரப்ப வேண்டும். மீனவர்களின் பொது இடங்களையும் மீன் காயவைக்கும் களங்களையும் வரைபடத்தில் காட்டச் சொன்னது அதே 2011 அறிவிக்கைதான். குப்பத்து ஆட்கள் கூட நடந்தால் வலை பின்னும் இடம், படகு ஏற்றும் இடம், கருவாட்டுக் களம் என்று ஒவ்வொன்றும் பெயரோடு பதிவாகும். சென்னை ஊரூர் குப்பத்து மீனவர் கே. சரவணன் ஜி.பி.எஸ். பழகிக் கடலோர வரைபடங்கள் தயாரிக்க இறங்கியதும் இதற்காகத்தான். அளவர் தனியாக, அதுவும் ஐப்பசி மழையில் வந்தால், அதே கருவாட்டுக் களத்தைக் காலி மணல் என்று குறித்துக்கொண்டு போவார்.