படைப்பின் ஊற்று – 7: இலண்டன் தெருக்களும் கற்பனையின் கட்டுமானமும்

நினைவாற்றலை மனப்பாடத்தோடும், மனப்பாடத்தைப் படைப்பாற்றலின் பகையோடும் இணைத்துப் பேசும் வழக்கம் கல்வி குறித்த விவாதங்களில் வேரூன்றிவிட்டது; ஆனால் பழையதை நினைவுகூர்வதும் புதியதைக் கற்பனை செய்வதும் மூளையின் ஒரே உறுப்பைப் பெரிதும் சார்ந்திருப்பதை, இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் எலினோர் மக்வயர் தலைமையில் நடந்த ஆய்வுகள் உணர்த்துகின்றன.

அந்த உறுப்பின் பெயர் ஹிப்போகேம்பஸ். காதுகளுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறமும் வளைந்து கிடக்கும் இதற்கு, கடற்குதிரையை ஒத்த வடிவத்தால் இப்பெயர் அமைந்தது. ஓர் உயிர் குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் 'இட உயிரணுக்கள்' இதற்குள் இருப்பதை, அதே கல்லூரியைச் சேர்ந்த ஜான் ஓகீஃப் 1971ஆம் ஆண்டில் எலிகளிடம் கண்டறிந்தார். அதற்காக 2014ஆம் ஆண்டின் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

இடத்தை உணரும் இந்த உறுப்பை மனிதரிடம் ஆராய வாய்ப்பளித்தவர்கள் இலண்டனின் கறுப்பு டாக்ஸி ஓட்டுநர்கள்; அவர்கள், சேரிங் கிராஸை மையமாகக் கொண்ட ஆறு மைல் ஆரத்துக்குள் அடங்கும் சுமார் 25,000 தெருக்களை மனத்தில் ஏற்றி, 'நாலெட்ஜ்' எனப்படும் தேர்வில் தேறினால்தான் உரிமம் பெறுவர். மக்வயர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 16 ஓட்டுநர்களின் எம்.ஆர்.ஐ. படங்களில் ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாகவும், முன்பகுதி சிறிதாகவும் காணப்பட்டன. பிறவியிலேயே அமைந்த வேறுபாடோ என்ற ஐயத்துக்கு 2011ஆம் ஆண்டின் ஆய்வு விடை தந்தது: பயிற்சியைத் தொடங்கிய 79 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, தொடக்கத்தில் எவரிடமும் வேறுபாடு இல்லாதிருக்க, தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டுமே அந்தப் பின்பகுதி வளர்ந்திருந்தது.

இத்தேர்வு வெறும் ஒப்புவித்தல் அன்று என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்கது. தேர்வாளர் நகரின் ஏதேனும் இரண்டு இடங்களைச் சொல்ல, தேர்வில் பங்கேற்பவர் அவற்றை இணைக்கும் வழியை அந்தக் கணத்திலேயே மனக்கண்ணில் அமைத்து, தெருத்தெருவாக வாய்மொழியாய்ச் சொல்ல வேண்டும். மனனம் செய்த துண்டுகள் அங்கே புதிய கோவையாகின்றன.

நினைவுக்கும் கற்பனைக்கும் உள்ள இந்த உறவைத் தெளிவாக்கியது 2007ஆம் ஆண்டில் டெமிஸ் ஹசாபிஸ், மக்வயர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு. ஹிப்போகேம்பஸ் சிதைந்து மறதி நோய்க்கு ஆளான ஐவரிடம், கடற்கரை போன்ற ஒரு காட்சியைக் கற்பனை செய்து விவரிக்கும்படி கேட்கப்பட்டது. ஒருவர் நீங்கலாக மற்றவர்களால் தனித்தனிக் கூறுகளைச் சொல்ல முடிந்ததே தவிர, அவற்றை ஓரிடத்தில் பொருந்திய முழுக்காட்சியாகக் கோக்க இயலவில்லை. கடந்த காலத்தை இழந்த அந்த நால்வரும் நடவாத ஒன்றைக் காணும் ஆற்றலையும் சேர்த்தே இழந்திருந்தனர்.

நினைவு என்பது பதிவை அப்படியே மீட்பதன்று, ஒவ்வொரு முறையும் மறுபடி கட்டுவதே என்று கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932ஆம் ஆண்டிலேயே எழுதினார். நினைவு சில வேளை பிழைபடுவதற்குக் காரணமான அந்த நெகிழ்ச்சியே, துண்டுகளைப் புதிதாக இணைக்கும் கற்பனைக்கும் இடமளிக்கிறது.

தமிழ் மரபில் இதற்கு நெருங்கிய சான்று, ஒரே நேரத்தில் பல செயல்களில் கவனம் செலுத்தும் அவதானக் கலை. ஒருவர் முதுகில் எறியும் கற்களை எண்ணிக்கொண்டே, மற்றொருவர் தரும் ஈற்றடிக்கு வெண்பா இயற்றிய சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) போன்றோரிடம், யாப்பும் சொல்வளமும் நெஞ்சில் நிறைந்திருந்ததாலேயே புதிய பாடல் உடனடியாகப் பிறந்தது. ஆகவே, மாணவர்க்கு நினைவுச்சுமையைக் குறைக்க வேண்டும் என்போர், நினைவில் நிற்கும் செல்வத்தையும் சேர்த்துக் குறைத்துவிடலாகாது. கற்றதை உள்ளத்தில் நிறுத்தவும், நிறுத்தியதை வேறு வேறு வகையில் இணைத்துப் பார்க்கவும் ஒருங்கே பழக்கும் கல்வியே படைப்பாற்றலை வளர்க்கும்.

(தொடரும்)